‘யாரிடமும் சொல்லாதே’ என்று கேட்டுக்கொண்ட வீடு: கிராமப் பயிற்சியில் இருக்கும் நர்சிங் மாணவிக்குப் பதில்

வேலூர் மாவட்டத்தில் பி.எஸ்சி. நர்சிங் படிக்கும் மாணவி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் கல்லூரியும் அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அவருக்கு நான்கு வாரச் சமுதாய நலப் போஸ்டிங். இரண்டு வாரம் முடிந்துவிட்டது. ஐந்து குடும்பங்களை ஒதுக்கியிருக்கிறார்கள். “மாத்திரை தருவீங்களா, ஊசி போடுவீங்களா? இல்லைன்னா எதுக்கு வந்தீங்க?” என்று பாதி வீடுகளில் கேட்கிறார்களாம். பீடி சுற்றும் ஐம்பது வயது அம்மா ஒருவருக்கு பி.பி. 168/104 இருந்திருக்கிறது. உப்பைக் குறைக்கச் சொன்னதும், “ஊறுகாய் இல்லாம கூழ் எப்படிம்மா இறங்கும்?” என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அரசு கொடுத்த பி.பி. மாத்திரை அவரிடம் இருக்கிறது, தலை வலித்தால் மட்டும் போட்டுக்கொள்கிறார். உடன் படிக்கும் சிலர் போகாத வீடுகளுக்கும் ஹாஸ்டலில் உட்கார்ந்து ஃபேமிலி ஃபோல்டர் (குடும்ப நலப் பதிவேடு) நிரப்புகிறார்கள், இவரையும் அப்படியே செய்யச் சொல்கிறார்கள். “வார்டில் இருந்திருந்தால் உருப்படியாக ஏதாவது கற்றிருப்பேன், இந்த ஒரு மாதம் வீண்” என்கிறார். பெண் பிள்ளை வெயிலில் தெருத்தெருவாக அலைகிறாளே என்று வீட்டில் கவலை. கடைசியாக மூன்றே வரியில் இன்னொன்று: ஒரு வீட்டில் பதினாறு வயது மருமகள், ஐந்து மாதக் கர்ப்பம், எங்கும் பதிவு செய்யவில்லை. மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு யாரிடமும் சொல்லாதே என்று கேட்டார், இவரும் தலையாட்டிவிட்டார்.

அன்புள்ள மாணவிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதியதைத்தான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை ஒரு வாரம் தாமதித்தாலும் சரி செய்துவிடலாம். இது அப்படியல்ல.

அந்தச் சிறுமியைப் பற்றி இன்றைக்கே சொல்ல வேண்டும்

“நோயாளியின் ரகசியத்தைக் காப்பது நர்சின் கடமைதானே?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், கடமைதான். தெரிய வேண்டாதவர்களுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வதே அந்தக் கடமை. அவளைக் காப்பாற்றக்கூடியவர்களிடமிருந்து அவளை மறைப்பது அதில் சேராது. பதினாறு வயதில் கர்ப்பம் என்றால் ரத்தசோகை, கர்ப்பகால ரத்த அழுத்தம், எடை குறைந்த குழந்தை, பிரசவச் சிக்கல் என எல்லா ஆபத்தும் கூடுதல். ஐந்து மாதம் ஆகியும் ஹீமோகுளோபின் பார்க்கவில்லை, பி.பி. பார்க்கவில்லை, டி.டி. ஊசி இல்லை, ஸ்கேன் இல்லை. கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனாலே ரத்தசோகை, 7க்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை. அவள் எந்த இடத்தில் இருக்கிறாள் என்பது இந்த நிமிடம் யாருக்கும் தெரியாது.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பதினெட்டு வயது நிரம்பாத எவரும் குழந்தை. தாலி கட்டியிருப்பதாலோ இரு வீட்டாரும் சம்மதித்ததாலோ அது மாறாது. மனைவியே ஆனாலும் பதினெட்டுக்குக் கீழ் என்றால் அவளோடு உடலுறவு கொள்வது குற்றமே, விலக்கு இல்லை என்று 2017இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. குற்றம் நடந்தது தெரிந்த எவரும் காவல் துறைக்கோ சிறார் சிறப்புக் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 19. தெரிவிக்காமல் விட்டால் பிரிவு 21இன் கீழ் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மாணவிக்கு இதில் தனிச் சலுகை இல்லை. அதே சமயம், நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குத் தொடர முடியாது என்ற பாதுகாப்பும் பிரிவு 19இலேயே இருக்கிறது.

இதை நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை. இன்று மாலைக்குள் உங்கள் ஃபீல்டு ஆசிரியையிடம் நேரில் சொல்லுங்கள். தேதி, நேரம், கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது ஆகியவற்றை மட்டும் ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். ஊகம் எதுவும் அதில் வேண்டாம். அவர் கல்லூரி முதல்வருக்கும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருக்கும் கொண்டுபோவார், முறைப்படியான தகவல் அங்கிருந்து போகும். ஓரிரு நாளில் போனதா என்று கேளுங்கள். போகவில்லை என்றால் உங்கள் கடமை முடிந்ததாகாது. குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது, அங்கே நீங்களே பேசலாம்.

செய்யக் கூடாதவையும் உண்டு. அவளை உட்காரவைத்து விசாரிக்காதீர்கள். படம் எடுக்காதீர்கள். குரூப் வாட்ஸ்அப்பில் ஒரு வரிகூடப் போடாதீர்கள். தோழிகள் கைமாற்றிப் பார்க்கும் ஃபோல்டரில் இதை எழுதாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, “போலீசுக்குச் சொல்லப்போகிறேன்” என்று அந்த வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள். பயந்து பெண்ணை வேறு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயல்வார்கள், அல்லது போலி மருத்துவரிடம் கருவைக் கலைக்கக் கூட்டிப்போவார்கள். புகாரால் அந்தக் குடும்பத்துக்குத் துன்பம் வரும் என்று நீங்கள் தயங்குவது புரிகிறது. வரத்தான் செய்யும். ஆனாலும் மறைத்தால் வரும் துன்பம் முழுவதையும் அந்த ஒருத்தியின் உடம்புதான் தாங்க வேண்டும்.

சிகிச்சை எந்தக் காகிதத்துக்கும் காத்திருக்காது என்பதை மாமியாருக்குப் புரியவைக்கக் கிராம சுகாதாரச் செவிலியரே சரியான ஆள். கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கித் தருபவரும் அவர்தான். இருபது வாரத்தைத் தாண்டி 24 வாரம் வரை, இரண்டு மருத்துவர்களின் கருத்தோடு கருக்கலைப்பு செய்யச் சட்டம் அனுமதிக்கும் பிரிவினரில் சிறுமிகளும் உண்டு. அதைப் பற்றி அவளோடும் அவள் பாதுகாவலரோடும் மருத்துவர்தான் பேச வேண்டும், நீங்கள் பேசக் கூடாது. ஆனால் நாட்கள் ஓடுகின்றன, அதனால்தான் இன்றைக்கே என்கிறேன். கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, முகமும் கையும் வீங்குவது, வலிப்பு, ரத்தப்போக்கு இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ உடனே அழையுங்கள்.

இனி எந்த வீட்டிலும் “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். “ஊரில் யாரிடமும் பேச மாட்டேன், ஆனால் உங்களுக்கு உதவி கிடைக்க எங்க டீச்சரிடமும் நர்ஸம்மாவிடமும் சொல்வேன்” என்று முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். இந்த ஒரு வாக்கியத்தைப் போஸ்டிங் தொடங்குவதற்கு முன்பே எல்லா மாணவிகளுக்கும் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

168/104: அளந்தது சரியா, மாத்திரை எங்கே, உப்பு எவ்வளவு?

அந்த அம்மா பீடி முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, சம்மணம் போட்டபடியே கையை நீட்டினார், ஒரு முறை பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்ணை முழுதாக நம்ப முடியாது. அலட்சியம் செய்யவும் முடியாது. முதுகுக்குச் சாய்மானம் இல்லை, கால் மடிந்திருக்கிறது, கை தொங்குகிறது, பேச்சும் நடக்கிறது என்றால் ஒவ்வொன்றும் அளவைக் கூட்டிக் காட்டும். கை இதயத்தின் மட்டத்திலிருந்து ஓர் அங்குலம் தாழ்ந்தால் ஏறக்குறைய 2 மி.மீ. கூடும்.

நாற்காலி இல்லாத வீட்டில் என்ன செய்வது? சுவரில் சாய்ந்து உட்காரச் சொல்லுங்கள், காலை நீட்டிக்கொள்ளட்டும். தலையணையையோ மடித்த புடவையையோ அடுக்கி, அதன் மேல் கையை நெஞ்சு மட்டத்துக்கு வையுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு வரச் சொல்லுங்கள். கடந்த அரை மணி நேரத்தில் டீ குடித்தாரா, வெற்றிலையோடு புகையிலை போட்டாரா என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் அவரும் பேசக் கூடாது, நீங்களும் பேசக் கூடாது. சட்டைத் துணி மேல் கஃப் (கையில் சுற்றும் பட்டை) கட்டாதீர்கள். கஃப்பின் காற்றுப் பை கையின் சுற்றளவில் 80 விழுக்காடாவது சுற்றி வர வேண்டும். பருத்த கைக்குச் சின்னக் கஃப் கட்டினால் இல்லாத பி.பி.யைக் காட்டும். முதலில் நாடியைத் தொட்டபடி காற்றடித்து, துடிப்பு மறையும் அளவுக்கு மேல் 30 ஏற்றி, நொடிக்கு 2 மி.மீ. வீதம் இறக்குங்கள். ஓரிரு நிமிடம் விட்டு மீண்டும் பாருங்கள். இரண்டையும் எழுதுங்கள், எந்தக் கை, எப்படி உட்கார்ந்திருந்தார் என்பதையும் சேர்த்து.

இரண்டு முறையும் 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் துண்டுச்சீட்டில் எண்களை எழுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அந்த வாரத்துக்குள் அனுப்புங்கள். 180/110க்கு மேல் என்றால் அன்றைக்கே. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் விழுவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது ஏதாவது சேர்ந்திருந்தால் 108.

அடுத்தது மாத்திரை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வந்த மாத்திரை வாய்க்குள் போகிறதா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். “ஒழுங்கா போடறீங்களா?” என்று கேட்டால் “போடறேன்” என்றுதான் பதில் வரும். “அட்டையைக் காட்டுங்க” என்று கேட்டு, எந்தத் தேதியில் எத்தனை வாங்கினார், இன்று எத்தனை மிச்சம் என்று எண்ணுங்கள். பிறகு, திட்டாமல், ஏன் என்று கேளுங்கள். தலைவலி வந்தால்தான் பி.பி. என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் பெரும்பாலானோருக்கு அது எந்த அறிகுறியும் காட்டாது. அம்லோடிபின் என்ற பி.பி. மாத்திரை போட்டால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும், “மாத்திரை ஒத்துக்கல” என்று அவர்களாகவே நிறுத்திவிடுவார்கள். மருத்துவரிடம் சொன்னால் வேறு மாத்திரைக்கு மாற்ற வழி இருக்கிறது. பீடி சுற்றுபவர்களிடம் கட்டாயம் கேட்க வேண்டிய இன்னொன்று, இடுப்பு வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் மாத்திரை. டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி பி.பி.யை ஏற்றும். ஒரு பக்கம் பி.பி.க்கு மாத்திரை, மறுபக்கம் அதை ஏற்றிவிடும் மாத்திரை என்று வருடக்கணக்கில் போகும் வீடுகள் உண்டு. நீங்களாக எதையும் நிறுத்தச் சொல்லாதீர்கள், அளவையும் மாற்றாதீர்கள். கேட்டதை எழுதிச் செவிலியரிடம் கொடுங்கள்.

உப்புக்கு வருவோம். “குறைங்க” என்ற சொல்லால் யாருக்கும் பயனில்லை, எவ்வளவு என்று தெரியாததால். “ஒரு கிலோ உப்புப் பாக்கெட் எத்தனை நாளைக்கு வரும்?” என்று கேளுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு, அதாவது ஒரு தேக்கரண்டி. ஐந்து பேருக்கு 25 கிராம், ஆக ஒரு கிலோ நாற்பது நாள் வர வேண்டும். இருபது நாளில் தீர்கிறது என்றால் இரு மடங்கு போகிறது. வடிக்கும் கஞ்சியோடு கொஞ்சம் வெளியேறும், ஊறுகாய் போட்ட மாதம் கூடுதலாகும், அதையெல்லாம் கேட்டுக் கழித்துக்கொள்ளுங்கள். கூழை நிறுத்தச் சொல்லாதீர்கள், கேழ்வரகுக் கூழில் குற்றமில்லை. கரைக்கும்போது உப்பு, மோர் மிளகாயில் உப்பு, ஊறுகாயில் உப்பு, கருவாட்டில் உப்பு என்று நான்கு இடத்தில் போவதை ஓரிடத்தில் நிறுத்தப் பாருங்கள். கூழை உப்பில்லாமல் கரைத்துத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் மட்டும் வைத்துக்கொள்ளலாம், அல்லது சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வைத்துக்கொண்டு ஊறுகாயை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளலாம். எது முடியும் என்று அந்த அம்மாவே தேர்ந்தெடுக்கட்டும். அவர் தேர்ந்தெடுத்ததை ஃபோல்டரில் எழுதி, அடுத்த முறை அதையே கேளுங்கள்.

இந்த மாதம் வீண் என்கிறீர்களே, இந்த உப்புக் கணக்கையும் மாத்திரை எண்ணிக்கையையும் எந்த வார்டில் கற்றுக்கொள்ள முடியும்? அங்கே அந்த அம்மா பக்கவாதத்தோடு படுத்திருப்பார், ‘மருந்தை ஒழுங்காக எடுக்காதவர்’ என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். வேலூரில் படிக்கும் நீங்கள் இதை மறக்கக் கூடாது. சி.எம்.சி. மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கினார், சில ஆண்டுகளிலேயே மாட்டு வண்டியில் கிளம்பிச் சாலையோரத்தில் வைத்தியம் பார்த்தார். ஆஸ்பத்திரிக்கு வர முடியாதவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தேடிப் போனதால்தான் அது நடந்தது. பழைய வட ஆற்காட்டில் தொழுநோய் மிகுந்திருந்த காலத்தில், உணர்ச்சியற்ற ஒரு வெளிறிய தேமலைக் கண்டுபிடிக்க வீடு வீடாகப் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. வலிக்காத தேமலுக்கு யாரும் தானாக ஆஸ்பத்திரிக்கு வர மாட்டார்கள்.

ஹாஸ்டலில் நிரப்பும் ஃபோல்டர்

இதில் உங்கள் தயக்கம் சரி, தோழிகள் செய்வது தவறு. மதிப்பெண்ணுக்காக மட்டும் சொல்லவில்லை. பார்க்காத பி.பி.யை 120/80 என்று எழுதினால், அடுத்து வரும் குழு அந்த வீட்டைத் தாண்டிப் போய்விடும். வெற்றுக் கட்டம் இருந்தால் யாராவது திரும்பப் போவார்கள். பொய் எண் இருந்தால் போக மாட்டார்கள்.

அனுபவமுள்ள ஆசிரியைக்கு இது பார்த்ததுமே தெரியும். உண்மையான ஃபோல்டரில் எல்லோருக்கும் 120/80 இருக்காது. கையால் காற்றடிக்கும் பி.பி. கருவியில் கோடுகள் 2 மி.மீ. இடைவெளியில் இருக்கும், ஆகவே 121/79 என்று ஒருவர் எழுதியிருந்தால் அவர் பார்க்கவே இல்லை என்று பொருள். எல்லாக் குழந்தைகளின் எடையும் 10, 12, 14 என்று முழு எண்ணாக இருந்தால் தராசு அந்தத் தெருவுக்கே போகவில்லை.

பூட்டிய வீட்டுக்கு நேர்மையான வழி இருக்கிறது. வேறு வேறு நேரத்தில் மூன்று முறை போங்கள். ஷூ கம்பெனி வேன் காலையிலேயே பெண்களை ஏற்றிக்கொண்டு போய்விடும், நூறு நாள் வேலை நடக்கும் வாரத்தில் பகலில் ஊரே காலியாக இருக்கும். அந்த வீடுகளுக்கு மாலையோ ஞாயிறோதான் சரி. மூன்று முறையும் ஆள் இல்லை என்றால் தேதியும் நேரமும் போட்டு “வீடு பூட்டியிருந்தது” என்று எழுதுங்கள். தோழிகளைப் பற்றி உடனே புகார் செய்ய வேண்டியதில்லை, குழுவாகச் சேர்ந்து ஆசிரியையிடம் போய் “இத்தனை வீடு முடியவில்லை, மாலை நேரம் ஒதுக்கித் தாருங்கள்” என்று கேளுங்கள். அதற்குப் பிறகும் அவர்கள் இட்டுக்கட்டினால் உங்கள் கையெழுத்து அதில் இருக்கக் கூடாது.

திறக்காத கதவு

முதல் சந்திப்புக்கு அங்கன்வாடி டீச்சரையோ நர்ஸம்மாவையோ கூட்டிக்கொண்டு போங்கள். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் எந்த வீட்டுக்கும் போகாதீர்கள். “மாத்திரை தர மாட்டேன், பி.பி. பார்ப்பேன், எழுதிக் கொடுப்பேன், எங்கே போகணும்னு சொல்வேன்” என்று முதலிலேயே சொல்லிவிட்டால் ஏமாற்றம் இருக்காது. படிவத்தை எடுப்பதற்கு முன், அவர்களுக்கு எது கவலை என்று ஒரு கேள்வி கேளுங்கள். தண்ணீர்த் தொட்டி என்பார்கள், மகனின் குடி என்பார்கள். அதையும் எழுதுங்கள்.

வரிசையும் முக்கியம். பச்சிளம் குழந்தையும் பிள்ளை பெற்ற தாயும் இருக்கும் வீடு முதலில், பிறகு கர்ப்பிணிகள், பிறகு பி.பி., சுகர்காரர்கள், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கும் வீடு கடைசியில். பையைத் தரையிலோ கட்டிலிலோ வைக்காமல் செய்தித்தாள் விரித்து வைப்பதும், சோப்பை வெளியே எடுத்துக் கை கழுவிய பிறகே மற்றவற்றை எடுப்பதும், நோயாளியைத் தொட்ட கையைக் கழுவாமல் பைக்குள் விடாததும் ஒரு வீட்டுக் கிருமியை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருக்கத்தான். சுகர் பார்ப்பதை ஆசிரியையோ செவிலியரோ உடன் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். ஒரு லான்செட் (விரலில் குத்தும் சிறு ஊசி) ஒருவருக்கு மட்டும், குத்தியதும் துளைக்க முடியாத டப்பாவுக்குள். உங்கள் கையில் குத்திவிட்டால் பிழியாமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, உடனே ஆசிரியையிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

வீட்டில் கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. இரண்டிரண்டு பேராகப் போங்கள், எந்தத் தெரு என்று ஆசிரியைக்குத் தெரிந்திருக்கட்டும். நடுப்பகல் வெயிலில் ஃபோல்டர் எழுதும் வேலையை வைத்துக்கொண்டு காலையிலும் மாலையிலும் நடங்கள். குடித்துவிட்டு ஆள் இருக்கும் வீட்டுக்குள் நுழையாமல் திரும்பி வர உங்களுக்கு உரிமை உண்டு, அதற்காக யாரும் மதிப்பெண் குறைக்கக் கூடாது.

மிச்சம் இருப்பது இரண்டு வாரம். புது வீடுகளைத் தேடாமல் இந்த ஐந்து குடும்பங்களுக்கே இன்னும் இரண்டு முறை போங்கள். கடைசி நாளுக்கு முன்தினம் ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: யார், என்ன கண்டேன், என்ன சொன்னேன், அடுத்து எந்தத் தேதியில் யார் பார்க்க வேண்டும். அதைத் துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் கையில் கொடுத்து, அவர் படித்து முடிக்கும் வரை அங்கேயே இருங்கள். அவர் கேட்கும் சந்தேகங்களுக்கு உங்களால்தான் பதில் சொல்ல முடியும்.